பரண்மேல் படுத்த பாட்டிலும் பீரோவில் நின்ற பாட்டிலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1998-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய இரண்டு விஸ்கி பாட்டில்கள். இரண்டும் மெக்காலன் என்ற ஸ்காட்லாந்து வடிசாலையின் 18 ஆண்டு விஸ்கி. இரண்டின் லேபிளிலும் வடித்த ஆண்டு 1979 என்று அச்சாகியிருக்கிறது. வாங்கியவர் என் தாய்மாமா. இரண்டும் மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள அவருடைய ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒன்று பரணுக்குப் போனது. மற்றொன்றை அத்தை தன் பீரோவுக்குள் வைத்துக்கொண்டார். 2024 ஜனவரியில் நான் இரண்டையும் தராசில் ஏற்றியபோது பரண் பாட்டில் 182 கிராம் குறைவாக நின்றது. அந்த 182 கிராம் எப்படிப் போயிற்று, அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் போயிற்று என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் நகைக்கடன் பிரிவில் மதிப்பீட்டாளராக வேலை பார்த்தவன். உரைகல்லும் தராசும்தான் என் தொழில். மது குடித்ததில்லை. குடிக்காகத் தாலிக்கொடியை அடகு வைக்க வந்த பெண்களின் முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் விஸ்கியைச் சேமிப்பு என்று பேசும் ஒரு கட்டுரையை எழுதுவதற்கு மனம் எளிதில் இடம் தரவில்லை. ஆனால் இந்த டெல்டாவில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்களின் வீட்டுப் பரண்களில் இப்படிப் பாட்டில்கள் எத்தனையோ கிடக்கின்றன. அவை கோடி பெறும் என்று கைப்பேசியில் வரும் செய்தியை நம்பி, பிள்ளைகள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அது நடந்ததால் எழுதுகிறேன்.

மாமா 1979-ல் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனார். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. 1971-ல் தளர்த்தி, 1974-ல் திரும்பக் கொண்டுவந்து, 1981-ல் மறுபடியும் தளர்த்தினார்கள். அதற்குப் பிறகுதான் அவர் ஒவ்வொரு விடுப்பிலும் சாங்கி விமான நிலையத்தில் ஒன்றோ இரண்டோ பாட்டில் வாங்கி வர ஆரம்பித்தார். பெரும்பாலானவை பங்காளிகளுக்கும் நண்பர்களுக்கும் போய்விட்டன. மீதியை அவரே வைத்துக்கொண்டார். பிற்காலத்தில், பழைய விஸ்கி ஏலத்தில் நல்ல விலைக்குப் போகிறது என்று எங்கோ படித்துவிட்டு, மிச்சமிருந்ததை யாருக்கும் கொடுக்க மறுத்துவிட்டார். 2022-ல் அவர் காலமானார்.

2023 நவம்பரில் லண்டனில் சோதபீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், 1926-ல் வடித்த ஒரு மெக்காலன் பாட்டில் 21,87,500 பவுண்டுக்குப் போனது. நம் பணத்தில் ஏறத்தாழ 22 கோடி ரூபாய். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து மாமா மகன் அழைத்தான். “அத்தான், பரண்மேல் அப்பா வைத்த மெக்காலன் இருக்கிறது. ஒன்றையும் தொட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் போய் மதிப்புப் போடுங்கள்” என்றான்.

பெயர் ஒன்றுதான். மற்றவை எதுவும் ஒன்றில்லை. அந்த 1926 விஸ்கி 60 ஆண்டுகள் பீப்பாயில் கிடந்து, 1986-ல் வெறும் 40 பாட்டில்களாக நிரப்பப்பட்டது. ஏலம் போனதில் இத்தாலிய ஓவியர் வலேரியோ அடாமி வரைந்த லேபிள் இருந்தது. ஏலத்துக்கு முன் வடிசாலையே அந்தப் பாட்டிலை வாங்கிப் பார்த்து, தக்கையையும் மேலுறையையும் மாற்றி, லேபிளின் மூலைகளுக்குப் புதிய பசை தடவி, ஒரு மில்லிலிட்டர் மட்டும் எடுத்து இன்னொரு 1926 பாட்டிலோடு ஒப்பிட்டுச் சோதித்தது. நகைத் தொழிலில் இருந்த எனக்கு இந்தச் செய்தியில் விலையைவிட அந்தப் பசைதான் கண்ணில் பட்டது. 22 கோடிக்குப் போகும் பாட்டிலுக்கே லேபிளின் மூலை பிரிந்தால் கவலைப்படுகிறார்கள். நம் பரணில் என்ன நிலைமையோ என்று நினைத்துக்கொண்டுதான் ஏணி வைத்து ஏறினேன்.

மொத்தம் 14 பாட்டில்கள். ஜானி வாக்கர் பிளாக் லேபிள் ஐந்து, எல்லாம் டியூட்டி ஃப்ரீயில் கிடைக்கும் ஒரு லிட்டர் அளவு. சீவாஸ் ரீகல் 12 ஆண்டு மூன்று. பீங்கான் குடுவையில் வரும் ராயல் சல்யூட் 21 ஆண்டு மூன்று. மெக்காலன் இரண்டு, அதில் ஒன்று பரணில் இல்லை. தங்கை மகன் பெங்களூரிலிருந்து வாங்கிவந்து கொடுத்த அம்ருத் ஒன்று. ஒவ்வொன்றையும் கூடத்தில் பாய் விரித்து நிறுத்தி, நகைக்குச் சீட்டு எழுதுவதுபோல எழுதினேன்: பெயர், அளவு, மட்டம், சீல், லேபிள், பெட்டி, ரசீது.

மட்டம் என்றால் பாட்டிலுக்குள் விஸ்கி எதுவரை நிற்கிறது என்பது. புதிதில் கழுத்துக்குள் நிற்கும். தோளுக்கு இறங்கினால் விலை இறங்குகிறது. தோளுக்குக் கீழே போனால் சேகரிப்பவர் கையை எடுத்துவிடுகிறார். ராயல் சல்யூட்டில் இது இன்னும் சிரமம். எலிசபெத் அரசியின் முடிசூட்டலை ஒட்டி 1953-ல் வந்த விஸ்கி அது. பீங்கான் குடுவை என்பதால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. தராசுதான் வழி. 700 மில்லிலிட்டர் விஸ்கி ஏறத்தாழ 660 கிராம் இருக்கும். மூன்று குடுவைகளில் ஒன்று மற்ற இரண்டைவிட 240 கிராம் குறைந்தது. பீங்கானில் குடுவைக்குக் குடுவை எடை கொஞ்சம் மாறும் என்றாலும் இவ்வளவு மாறாது. காதருகே வைத்து மெல்ல ஆட்டினால், தூர்ந்த கிணற்றில் வாளி மோதுவதுபோல் சத்தம் கேட்டது.

இந்த வீட்டில் யாரும் எதையும் திருடிக் குடிக்கவில்லை. இதை முதலில் அத்தைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் அவருக்கு உடனே வேலையாட்கள்மேல் சந்தேகம் வந்தது.

குடித்தது வெயில். ஓட்டு வீட்டின் பரணுக்கு மேலே ஓடு மட்டும்தான் இருக்கிறது. 2024 மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம் மூன்று மணிக்குப் பரணில் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன்: 44 டிகிரி. அதே நேரத்தில் பழைய குதிர் அறையில் 33. பகலில் பாட்டிலுக்குள் இருக்கும் திரவமும் காற்றும் விரிந்து, மூடியின் ஓரத்தில் கிடைக்கும் இடுக்கு வழியாக ஆவியை வெளியே தள்ளுகின்றன. இரவில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றன. பாட்டில் தினமும் ஒருமுறை மூச்சுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி 25 கோடைகள்.

பீப்பாயில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். ஸ்காட்லாந்தின் குளிரில் ஒரு பீப்பாய் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதத்தை ஆவியாக இழக்கிறது. அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். பெங்களூரில் அம்ருத் வடிசாலையின் பீப்பாய்கள் 10 முதல் 12 சதவீதம் இழக்கின்றன. ஆனால் பீப்பாயில் இழப்புக்கு ஈடாக மரத்திலிருந்து நிறமும் சுவையும் ஏறுகின்றன. கண்ணாடியிலிருந்து ஏறுவதற்கு ஒன்றும் இல்லை.

மாமாவுக்கு இங்கேதான் முதல் பிழை நேர்ந்தது. 1998-ல் வாங்கிய 18 ஆண்டு விஸ்கி 2018-ல் 38 ஆண்டு விஸ்கியாகிவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். என்னிடமே சொல்லியிருக்கிறார், நானும் தலையாட்டியிருக்கிறேன். லேபிளில் உள்ள எண் ஓக் மரப் பீப்பாயில் கிடந்த ஆண்டுகளைக் குறிக்கிறது. பல பீப்பாய்களின் விஸ்கியைக் கலந்திருந்தால், அவற்றில் மிக இளையதின் வயதைத்தான் போட வேண்டும். பாட்டிலில் அடைத்த நாளோடு அதன் வயது நின்றுவிடுகிறது. 12 ஆண்டு விஸ்கியை அரை நூற்றாண்டு பூட்டி வைத்தாலும் அது 12 ஆண்டு விஸ்கிதான். பழைய பாட்டிலுக்கு விலை ஏறினால், அதுபோல் இன்னொன்று கிடைக்காததால் ஏறுகிறது.

இரண்டாவது பிழை இன்னும் வலிக்கிறது. ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் ஒயின் பாட்டில்களைப் படுக்க வைத்திருப்பதை மாமா பார்த்திருக்கிறார். ஊருக்கு வந்து ஆசாரியை வைத்துத் தேக்கில் ஒரு தட்டு செய்தார். வளைவாகக் குடைந்து, பாட்டில் உருளாதபடி அழகாகச் செய்த தட்டு. அதில் தன் மிக உயர்ந்த பாட்டிலான மெக்காலனைப் படுக்க வைத்தார். ஒயின் படுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஒயினில் ஆல்கஹால் குறைவு, அது தக்கையை நனைத்துக் காய்ந்துபோகாமல் காக்கும். விஸ்கியில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் இருக்கிறது. அது தக்கையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அரித்துப் பொடியாக்கும். விஸ்கி நிற்க வேண்டும். நூறு ரூபாய் விஸ்கியானாலும் கோடி ரூபாய் விஸ்கியானாலும் இதுதான் விதி. திருகு மூடி போட்ட பிளாக் லேபிள் பாட்டில்களை, மதிப்புக் குறைந்தவை என்று அவர் சாதாரணமாக நிறுத்தி வைத்திருந்தார். அவை அதே பரணில், அதே வெயிலில், கழுத்து மட்டத்தைவிட ஒரு விரல் மட்டுமே இறங்கியிருந்தன.

மூன்றாவதாக நடந்தது யாருடைய பிழையும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மாமா வீட்டில் பரணுக்கு மேலே ஓடு பறந்து மழை உள்ளே இறங்கியது. அட்டைப் பெட்டிகள் ஊறிக் கூழாயின. வெயில் வந்ததும் அத்தை பாட்டில்களை முற்றத்தில் வரிசையாக வைத்து, நெல் காயவைப்பதுபோல இரண்டு நாள் காயவைத்தார். வீட்டுக்காரர் ஆசையாகச் சேர்த்த பொருள் பூசணம் பிடித்துவிடக்கூடாது என்ற அக்கறைதான். நேர்வெயிலில் லேபிள்கள் வெளுத்தன. தப்பியவற்றில் பசைக்கு வந்த ராமபாணப் பூச்சி ஒரு சீவாஸ் ரீகல் லேபிளின் பாதியைச் சுரண்டியிருந்தது.

இனி பீரோ பாட்டிலுக்கு வருகிறேன். 1998-ல் இரண்டு மெக்காலன் வாங்கி வந்தபோது, ஒன்று மகளின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்குக் கொடுப்பதற்கென்று வைத்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள் என்று தெரிந்ததும், அத்தை அதைப் பழைய பட்டுப்புடவைத் துண்டில் சுற்றி, நடு அறைப் பீரோவின் அடித்தட்டில் நிறுத்தி, முன்னால் புடவைகளை அடுக்கிவிட்டார். ஜன்னல் இல்லாத அறை. வெளிச்சம் படவில்லை. பீரோவைத் திறப்பதே விசேஷ நாட்களில்தான். 26 ஆண்டுகள் கழித்து எடுத்தபோது மட்டம் கழுத்தில் இருந்தது, சீல் முழுசாக இருந்தது, லேபிளில் ஒரு கீறல் இல்லை.

பெட்டி மட்டும் இல்லை. கேட்டதும் அத்தை யோசித்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். மார்கழிக் கோலத்துக்கு வைத்திருக்கும் வண்ணப்பொடிப் பொட்டலங்கள் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. ராயல் சல்யூட்டோடு வந்த வெல்வெட் பைகளில் கொலுப் பொம்மைகள். இந்த வீட்டில் யாரும் எதையும் வீணாக்குவதில்லை, அதுவே இங்கே உதவியது. பெட்டியைத் தட்டித் துடைத்தோம், உள்ளே ஒரு மூலையில் மட்டும் நீலப்பொடிக் கறை நிற்கிறது. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம், மாமாவின் பழைய பாஸ்போர்ட் உறைக்குள் 1998-ன் கடை ரசீது கிடைத்தது. இரண்டு பாட்டில், விலை, தேதி எல்லாம் படிக்க முடிந்தது.

ரசீதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். 2017-ல் சுவிட்சர்லாந்தின் சென்ட் மோரிட்ஸ் ஓட்டல் ஒன்றில், 1878 என்று லேபிள் ஒட்டிய மெக்காலனில் ஒரே ஒரு சிறு கோப்பைக்கு ஒரு சீன எழுத்தாளர் ஏறத்தாழ 10,000 பிராங்க் கொடுத்தார். சோதனைக்கு அனுப்பியதில் அது பெரும்பாலும் 1970-72 வாக்கில் செய்த கலப்பு விஸ்கி என்று தெரிந்தது, ஓட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கரிமம்-14 என்ற கதிரியக்கக் கரிமத்தின் அளவை உயர்த்திவிட்டன. அதற்குப் பிறகு விளைந்த பார்லியில் அந்தச் சுவடு இருக்கும், அதை வைத்து வடித்த காலத்தைச் சொல்லிவிடலாம். 2018-ல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று இந்த முறையில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்தது. 21 பாட்டில்கள் போலி, அல்லது லேபிள் சொல்லும் ஆண்டில் வடிக்கப்படாதவை. நகையில் இவ்வளவு கவரிங் வந்தால் எந்த வங்கியும் நகைக்கடன் பிரிவை மூடிவிடும்.

மற்ற 12 பாட்டில்களின் மதிப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பிளாக் லேபிளும் சீவாஸ் 12-ம் உலகமெங்கும் விமான நிலையங்களில் அடுக்கிக் கிடப்பவை. எத்தனை ஆண்டு வைத்தாலும் அவற்றைத் தேடி யாரும் வரப்போவதில்லை. விலை ஏறுவது வேறு வகை. 1983-ல் மூடிய போர்ட் எல்லன், பிரோரா போன்ற ஸ்காட்டிஷ் வடிசாலைகளின் பழைய பாட்டில்கள், உற்பத்தி நின்றுபோன ஜப்பானின் கருய்சாவா, எண்ணிச் சில நூறு மட்டும் நிரப்பியவை. போர்ட் எல்லனும் பிரோராவும் இப்போது மறுபடி திறந்துவிட்டன, ஆனால் பழையது பழையதுதான். அம்ருத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2004-ல் கிளாஸ்கோவுக்கே போய் இந்திய சிங்கிள் மால்ட்டை, அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு வடித்த விஸ்கியை, விற்கத் துணிந்த நிறுவனம் அது. ஆனால் எங்களிடம் இருந்தது அதன் சாதாரணப் பதிப்பு.

விலை ஏறிக்கொண்டே போகும் என்ற எண்ணமும் தவறு. 2022-க்குப் பிறகு ஏல விலைகள் நன்றாகவே இறங்கின. இதற்கிடையில் மாமா மகனுக்கு யாரோ தொலைபேசியில் அழைத்து, ஸ்காட்லாந்தில் பீப்பாயில் பங்கு வாங்கலாம் என்று பேசியிருக்கிறார்கள். வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். ஒரே பீப்பாயைப் பலருக்கு விற்ற மோசடிகள் பிரிட்டனில் வெளிவந்திருக்கின்றன.

சட்டத்தைப் பற்றி மன்னார்குடி வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டோம். அவர் சுற்றி வளைக்கவில்லை. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாதவர் ஒரு பாட்டில் விற்றாலும் குற்றம், பழசு, அரியது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வீட்டில் வைத்திருக்கும் அளவுக்கும் உச்சவரம்பு உண்டு. எங்கள் 14 பாட்டில்கள் அதைத் தாண்டியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், “காரைக்காலுக்குக் கொண்டுபோனால் என்ன? அது புதுச்சேரிதானே?” என்றார். உரிமம் இல்லாதவர் அங்கேயும் விற்க முடியாது. வழியில் சோதனைச் சாவடியில் பிடிபட்டால் மாமாவின் பெயர் செய்தித்தாளில் வரும். அத்தை அந்தப் பேச்சையே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில்தான் தங்கத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஒரு சங்கிலி அறுந்தாலும் நசுங்கினாலும் அதன் எடைக்கு மன்னார்குடிக் கடைத்தெருவிலேயே மாலைக்குள் பணம் வாங்கிவிடலாம். பாட்டில் உடைந்தால் ஒன்றுமில்லை. உடையாமல் இருந்தாலும் அதற்குப் பணம் தரக்கூடிய இடம் கடல் கடந்து இருக்கிறது. ஐந்து பிளாக் லேபிளையும் வாங்கும்போதே இது தெரிந்திருந்தால், மாமா அந்தப் பணத்தில் அத்தைக்கு வளையல் வாங்கியிருப்பார்.

2024 பொங்கலுக்கு மறுவாரம் முடிவு செய்தோம். பரண் மெக்காலனைத் திறந்து பார்க்கலாம் என்று தக்கையைத் தொட்டேன், இரண்டாகப் பிட்டுக்கொண்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தது. அதையும், குறைந்த ராயல் சல்யூட்டையும், லேபிள் போன சீவாஸையும், வரம்புக்கு மேற்பட்ட பிளாக் லேபிள்களையும் கொல்லையில் கவிழ்க்கச் சொன்னார் அத்தை. வாழையடியில் வேண்டாம், வேலியோரம் கொட்டுங்கள் என்றார். காலிப் பாட்டில்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட நான் விடவில்லை. வெளிநாட்டுக் காலிப் பாட்டிலுக்கு அங்கே நல்ல விலை கிடைப்பதே, அதில் மறுபடி எதையாவது அடைத்து விற்க ஆள் இருப்பதால்தான். சாக்கில் போட்டு உடைத்தோம். தேக்குத் தட்டை அத்தை தூக்கி எறியவில்லை. அதில் இப்போது ஊதுவத்திக் கட்டுகள் இருக்கின்றன.

மிஞ்சியவை பரணிலிருந்து இறங்கிக் குதிர் அறைக்குப் போயின. நெல் வைத்த அறை, தடித்த மண்சுவர், ஜன்னல் கிடையாது. நின்றபடி வைத்து, தக்கை மூடிகளைச் சுற்றிப் பாராபிலிம் என்ற மெழுகுப் படலத்தை இழுத்து ஒட்டினேன்.

பீரோ மெக்காலனை மாமா மகன் சித்திரையில் வந்தபோது எடுத்துப்போனான். சிங்கப்பூருக்குள் தீர்வையில்லாமல் ஒருவர் ஒரு லிட்டர் வரை விஸ்கி கொண்டுபோகலாம், 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வரக்கூடாது. 70 சென்டிலிட்டர் பாட்டில் அதற்குள் அடங்கியது. கோலப்பொடிப் பெட்டியிலேயே வைத்து, பட்டுத்துண்டைச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாகத் திருச்சி விமான நிலையத்தில் ஏற்றினோம். ஏல நிறுவனம் ஒன்றுக்குப் படம் அனுப்பினான். அவர்கள் முதலில் கேட்டது மட்டம் கழுத்தில் எங்கே நிற்கிறது என்பதைத்தான். இரண்டாவதாகப் பெட்டி, மூன்றாவதாக ரசீது. விலை இப்போது தணிந்திருப்பதால் விற்காமல் காத்திருக்கிறான்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை பாட்டில் கழுத்தருகே அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நகைச்சீட்டு எழுதிய பழைய நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொள்கிறேன். இதுவரை ஒரு மில்லிமீட்டரும் இறங்கவில்லை. அத்தையிடம் சொன்னபோது, பட்டுத்துண்டைப் பிரித்துவிட வேண்டாம், அப்படியே சுற்றியிருக்கட்டும் என்று அவனிடம் சொல்லச் சொன்னார்.